பப்படத்தைத் தள்ளிவைத்த நாட்கள்

முதல் ஊசி போட்ட அந்தச் சனிக்கிழமை காலை சிகிச்சை அறையில் இருந்தவர்கள்: டாக்டர், நான், சுந்தரம் மாமா, அவர் மனைவி கோமதி மாமி, மேசைமேல் பப்படம் என்கிற நாய். வராதவர் ஒருவர், அவர்கள் மகள் அபிராமி. அதற்கு ஆறு வருடம் முன்னால் சாலைக் கடைவீதியில், பப்படம் விற்கும் ஒரு கடை வாசலில் மழையில் நனைந்து கிடந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். பெயர் வைத்தவரும் அவரே. பிறகு கழக்கூட்டத்தில் வேலை கிடைத்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டார். நாய் மாமியிடம் தங்கிவிட்டது. அன்று அபிராமிக்கு ஷிப்டு. வந்திருந்தால் நான் சொன்ன வாக்கியத்தைக் கேட்டு அந்த இடத்திலேயே சிரித்திருப்பார், இல்லையென்றால் என்னைத் திட்டியிருப்பார். இரண்டில் எது நடந்திருந்தாலும் பப்படம் அவ்வளவு பட்டிருக்காது.

நீங்கள் மூன்று பேரும் போன வாரம்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். நாகர்கோவில் பக்கம், மார்த்தாண்டம் பக்கம், ஒருவர் நெடுமங்காட்டிலிருந்து. நான் அடுத்த மாதம் அரசு கால்நடை மருந்தகத்து வேலைக்குப் போகிறேன். ஏழு வருடம் ஒன்றும் பெரிய அனுபவம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது, பூனையைத் துண்டில் சுற்றிப் பிடிப்பது, இதெல்லாம் டாக்டரும் மற்றவர்களும் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். யாரும் சொல்லித் தராத ஒன்றை நான் ஒரு நாயிடம் கற்றுக்கொண்டேன். அதை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்கு மற்ற இருவரும் படித்துச் சொல்லிவிடுங்கள்.

பப்படத்துக்குக் கழுத்தில் இரண்டு பக்கமும் கட்டி. முதலில் எலுமிச்சம்பழ அளவு, பிறகு முழங்கால்களின் பின்னாலும் வந்தது. நிணநீர்க் கணுக்களில் வருகிற புற்றுநோய். முழுதாகக் குணமாகாது, ஆனால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும், ஒரு வருடமோ அதற்குக் கொஞ்சம் முன்பின்னாகவோ நல்ல வாழ்க்கை கிடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரம் ஒரு ஊசி, இடையில் வீட்டில் கொடுக்க மாத்திரை. ஏறக்குறைய ஐந்து மாதம்.

சுந்தரம் மாமா சாலைக் கடைவீதியில் ஒரு மொத்த அரிசிக் கடையில் கணக்குப்பிள்ளை. கோட்டைக்குப் பக்கத்தில், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் வீடு. என் பெயரைக் கேட்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இசக்கியா? சுடலைமுத்து பிள்ளையோ நீ?”

“ஆமா மாமா.”

“கேட்டியா கோமதி, இவன் அப்பாதான் எங்க கடைக்கு எத்தனையோ வருஷம் மூட்டை இறக்கினது. அந்த ஆள் கைநாட்டாக்கும். பிள்ளை பாரு, நம்ம பப்படத்துக்கு ஊசி போட நிக்கறான்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். ஆனால் எனக்கு முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த வீட்டுக்காரர்கள் முன்னால் இந்தப் பிள்ளை எவ்வளவு விவரமானவன் என்று காட்டிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு அவசரம் வந்தது. அந்த அவசரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தப்பு அங்கேதான் தொடங்கியது.

ஊசி முடிந்த நேரத்தில் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த ஒரு பூனையைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் கையுறையைக் கழற்றியபடியே, “எடா இசக்கி, வீட்டில் கவனிக்க வேண்டியதை நீ சொல்லிக் கொடு” என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு ஓடினார்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இந்த மருந்து உடம்பில் வேலை செய்துவிட்டு மூத்திரம், மலம், எச்சில் வழியாக வெளியே வரும். ஏறக்குறைய மூன்று நாள் வரை. அதனால் அந்த நாட்களில் சுத்தம் செய்யும்போது கையுறை போட வேண்டும், அது படுத்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், முகத்தை நக்க விடக்கூடாது. தொடலாம், தடவலாம், பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பிறகு கை கழுவினால் போதும்.

நான் மருந்து, செல், கழிவு என்று ஆரம்பித்தேன். இரண்டு பேரும் விழித்தார்கள்.

“மருந்துதானேப்பா? மருந்து எப்படி வெளில வந்தா விஷமாகும்?” என்றார் மாமி. “உள்ள போனது நல்லது, வெளில வந்தது கெடுதலா?”

வெளியே பூனை அலறியது. வரிசையில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் ஒரு கணம் யோசித்து, என் புத்திசாலித்தனத்தில் நானே மயங்கி, இப்படிச் சொன்னேன்:

“மாமி, தீட்டு மாதிரி நினைச்சுக்கோங்க. மருந்து கொடுத்த நாள்ல இருந்து மூணு நாள்.”

மாமியின் முகம் தெளிந்தது. “அப்படிச் சொல்லு! இதை முதல்லயே சொல்லப்படாதா?”

“பையன் கெட்டிக்காரன்” என்றார் மாமா.

அவர்கள் ஆட்டோ ஏறும்வரை நான் வாசலில் நின்றேன். தொடலாம், தடவலாம் என்கிற பாதியைச் சொல்லவே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்கிற நிம்மதிதான் இருந்தது. உண்மையில் நான் சொன்னதற்கும் மேலேயே புரிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை கட்டிகள் பாதியாகிவிட்டன. அதற்கடுத்த சனிக்கிழமை கையில் தட்டுப்படவே இல்லை. டாக்டருக்கு வாயெல்லாம் பல். பப்படம் குளித்து, நெற்றியில் விபூதிக் கீற்றோடு, மாமியின் இடுப்பில் குழந்தை மாதிரி உட்கார்ந்து வரும். பதினாறு கிலோ நாயை அந்த அம்மாள் எப்படித் தூக்குகிறார் என்று நாங்கள் ஆச்சரியப்படுவோம். இறக்கிவிடச் சொன்னால், “இன்னிக்கு ஒரு நாள்தானேப்பா” என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

எடை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது வாரம் புதன்கிழமை மாமா போன் செய்தார். இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை, தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை, எழுந்து நிற்கவே மாட்டேன் என்கிறது.

ஆட்டோ வந்து நின்றபோது முதல் தடவையாக எனக்கு ஏதோ உறுத்தியது. இருக்கையின் ஒரு ஓரத்தில் மாமி புடவையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு ஒடுங்கியிருந்தார். மறு ஓரத்தில், ஒரு சாக்கின்மேல் பப்படம். நடுவில் மாமா, எந்தப் பக்கமும் சாய முடியாமல். பப்படம் தலையை மட்டும் தூக்கி மாமியையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைத் தூக்கினேன். கனமே இல்லை. தூக்கியதும் மூக்கை என் கக்கத்துக்குள் நுழைத்துக்கொண்டது. மேசையில் வைத்துக் கையை எடுக்கப் பார்த்தால் விடவில்லை.

பதிமூன்றரைக் கிலோ. ரத்தப் பரிசோதனை மோசமில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. காய்ச்சல் இல்லை. கட்டி இல்லை. ஆனால் நாய் வற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நோய் மருந்துக்குக் கேட்கிறது, நாயால்தான் மருந்தைத் தாங்க முடியவில்லை” என்றார் கடைசியில். சிலதுக்கு அப்படி ஆகும். ஊசியை நிறுத்திவிட்டு, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். மாத்திரை மட்டும் கொடுத்தால் இரண்டு மாதம் இருக்கும். “நமக்கு மதியாக்காம்” என்றார். போதும், நிறுத்திவிடலாம் என்று.

மாமி சுவரோரமாக நின்றிருந்தார். மேசைக்குப் பக்கத்தில் வரவில்லை. “போதும் டாக்டர். பாவம், அதைப் போட்டுப் படுத்த வேண்டாம். நான் தினம் பிள்ளையாரண்டே இதைத்தான் கேட்டுண்டிருக்கேன்” என்றார். மாமா வெளியே போய் அபிராமிக்குப் போன் செய்துவிட்டு வந்தார். “அவ அழறா. நீங்க முடிவு பண்ணுங்கோன்னுட்டா.”

டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதினார்: மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, ஊசி நிறுத்தம். சாயங்காலம் வரை டிரிப் போட்டு அனுப்புவது என்று முடிவானது. மாமாவும் மாமியும் வெளியே காத்திருந்தார்கள்.

டிரிப் ஏறும்போது பக்கத்தில் உட்கார வேண்டியது நான். மத்தியானம் இரண்டு மணிக்குப் பசி தாங்கவில்லை. அறைக்குள் சாப்பிடக்கூடாது என்று விதி இருக்கிறது. உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள், நீங்களும் மீறுவீர்கள். அம்மா கொடுத்துவிட்ட டப்பாவைத் திறந்தேன். மத்திக் குழம்பு. தயிர்சாதத்திலேயே வளர்ந்த அந்த நாய் தலையைத் தூக்கியது. மூக்கு மட்டும் தனியாக உயிர் வந்தாற்போல ஆடியது. முள்ளெடுத்து ஒரு உருண்டை நீட்டினேன். முழுங்கிவிட்டது. இன்னொன்று. என் சாப்பாட்டில் பாதியை இரண்டு நாள் பட்டினி கிடந்த அந்த அக்கிரகாரத்துப் பப்படம் தின்று தீர்த்தது.

மீன் வாசனைக்குத்தான் இப்படி என்று முதலில் நினைத்தேன். மாமி கொடுத்துவிட்ட தூக்கில் தயிர்சாதம் இருந்தது. அதைத் தட்டில் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அதே சாதத்தைக் கையில் எடுத்து நீட்டினேன். தின்றது. தட்டில் வைத்தால் இல்லை. கையில் இருந்தால் உண்டு. ஐந்தாறு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

குமட்டல் இருக்கிற நாய் யார் கையிலிருந்தும் தின்னாது. இது வேறு ஏதோ.

கேஸ் ஷீட்டில் பசி, வாந்தி, எடை என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. நாய் எங்கே தூங்குகிறது என்பதற்குக் கட்டம் இல்லை. ஆட்டோவில் மாமி ஒடுங்கியிருந்தது, சுவரோரமாக நின்றது, இன்னிக்கு ஒரு நாள்தானே என்றது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு, சாயங்காலம் நாயை வீட்டில் இறக்கிவிட்டு வருகிறேன் என்று அவர்களோடு ஆட்டோவில் ஏறினேன். பப்படம் என் மடியில் வந்தது.

வீட்டுக்குள் போகாமல் பக்கச் சந்து வழியாகவே பின்பக்கம் கூட்டிப் போனார்கள். கிணறு, துவைக்கிற கல், அதற்கும் அப்பால் ஓடு வேய்ந்த ஒரு சின்ன அறை. கதவு இல்லை, தாழ்ப்பாள் போட்ட மரத்தட்டி. உள்ளே ஒரு சாக்கு, ஒரு அலுமினியத் தட்டு, ஒரு கிண்ணம். தரை துடைத்து வைத்தாற்போல சுத்தம். மூலையில் நாங்கள் கொடுத்தனுப்பிய கையுறைப் பெட்டி, பிரிக்காமல்.

“இங்கயா மாமி படுக்குது?”

“பின்னே? நீதானேப்பா சொன்னே.”

“எத்தனை நாளா?”

மாமி விரல்விட்டு எண்ணினார். “சனிக்கிழமை ஊசி, அதுக்கு மூணு நாள். செவ்வாய்க்கிழமை மாத்திரை, அதுக்கு மூணு நாள். வெள்ளிக்கிழமை குளிப்பாட்டி உள்ள சேர்த்துப்பேன். சனிக்கிழமை மறுபடியும் ஊசி.”

வாரத்துக்கு ஒரு நாள்தான் அது வீட்டு நாயாக இருந்திருக்கிறது. ஆறு வருடம் மாமியின் கட்டிலுக்குக் கீழே தூங்கின நாய்.

கிண்ணம் காலியாக இருந்தது. நாங்கள் கொடுத்த மாத்திரைக்குத் தாகம் அதிகமாகும், நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும். மாமி சொம்பை எடுத்துவந்தார். கிண்ணத்தில் படாமல், கையை உயர்த்தி, மேலேயிருந்து ஊற்றினார். பாதி தரையில் தெறித்தது.

அப்படி ஊற்றுகிற தண்ணீரை எனக்குத் தெரியும். நான் குடித்ததில்லை. என் அப்பா குடித்திருக்கிறார். மூட்டை இறக்கிவிட்டுச் சில வீட்டுப் பின்வாசல்களில் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு நின்றதை, தாகம் அடங்குவதற்குள் சொம்பு நிமிர்ந்துவிடுவதை, அவர் ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் என்னைப் படிக்க வைத்தார் என்றுகூடச் சொல்லலாம். படித்த பிள்ளை வந்து, அந்தப் பழைய வழக்கத்தை மருத்துவம் என்று பெயர் மாற்றி, ஒரு நோயாளி நாய்க்கு எழுதிக் கொடுத்திருக்கிறான்.

“மாமி” என்றேன். “நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“என்ன தப்பு?”

“தொடக்கூடாதுன்னு இல்ல. தொடலாம். மடியில வச்சுக்கலாம். உங்க கட்டிலுக்குக் கீழேயே படுக்கலாம். மூத்திரத்தைத் துடைக்கும்போது கையுறை போடணும், பிறகு கை கழுவணும். அவ்வளவுதான். உங்களுக்குச் சட்டுனு புரியணும்னு நான் தீட்டுன்னு சொன்னேன். மருந்து ஒத்துக்காம இல்ல மாமி. அது ஏங்கிப்போச்சு. நான்தான் காரணம்.”

மாமா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். “ஏண்டா...” என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. மாமி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் அந்த அறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது நான் உக்காந்த ரூமாக்கும்” என்றார். “கல்யாணமாகி வந்த புதுசுல. மாசம் மூணு நாள். இதே மாதிரித் தட்டு, இதே மாதிரித் தண்ணி. எனக்காவது தெரியும், நாலாம் நாள் உள்ள கூப்பிடுவான்னு. அதுக்கு என்ன தெரியும்? ராத்திரியெல்லாம் தட்டியண்டே வந்து நின்னு கூப்பிடும். நான் அந்தப் பக்கம் உக்காந்துண்டு, ‘இதோ ஆச்சுடா, நாளைக்கு ஆச்சுடா’ன்னு சொல்லிண்டிருப்பேன். அதுக்கு என்ன தெரியும் நாளைன்னா?”

தட்டியைத் திறந்து உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். நான் இறக்கிவிட்ட பப்படம் நம்பவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. மாமி கையை நீட்டினார். அது வந்து மடியில் ஏறி, முழு உடம்பையும் ஆட்டி, சந்தோஷம் தாங்காமல் புடவைமேலேயே மூத்திரம் பெய்துவிட்டது.

“மாமி, மாமி, அந்தப் புடவையைத் தனியா...” என்று பதறினேன்.

“மறுபடியும் தனியாவா?” என்றார் மாமி. அழுதுகொண்டே சிரித்தார். மாமா கல்லிலிருந்து, “முதல்ல அந்தக் கையுறைப் பெட்டியைப் பிரிடி” என்றார்.

அன்று அது மாமி கையிலிருந்து ஒரு கிண்ணம் தயிர்சாதம் தின்றது. மத்திக் குழம்பு விஷயத்தை நான் சொல்லவில்லை. எல்லா உண்மையையும் ஒரே நாளில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இனிதான் உங்களுக்காக நான் எழுத வந்த இடம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரு எண்ணம் கூடவே வந்தது. டாக்டரிடம் சொல்ல வேண்டுமா? நாய் இனி உள்ளே படுக்கும், சாப்பிடும், தேறும். மாமாவும் மாமியும் என்மேல் புகார் சொல்கிறவர்கள் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. வீட்டில் என் ஒரு சம்பளம். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

ஆனால் கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியது அப்படியே இருக்கிறதே. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, ஊசி நிறுத்தம். நாய் தேறினால், மருந்தை நிறுத்தியதால்தான் தேறியது என்று எல்லோரும் நினைப்பார்கள். கட்டி திரும்ப வரும். இரண்டு மாதம். என் மானத்துக்கு விலை பப்படத்தின் பத்து மாதம். இப்படிப் பார்த்தவுடன் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பயம் மட்டும் தீரவில்லை. நம் வேலையில் இரண்டும் வேறு வேறு. பயம் போன பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். அது போகாது.

மறுநாள் காலை டாக்டர் கோட்டு மாட்டுவதற்கு முன்பே போய்ச் சொன்னேன். நான் சொன்ன வாக்கியம், அந்த அறை, சாக்கு, தண்ணீர், கையிலிருந்து தின்றது. மீனையும் சொன்னேன். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

“நீ சிகிச்சை அறையில் சாப்பிட்டாயா?”

“ஆமா டாக்டர்.”

“அதற்குத் தனியாகத் திட்டுகிறேன்” என்றார். “மூன்று வாரமாக எடை குறைகிறது. நானும் கேட்கவில்லையே இசக்கி, நாய் வீட்டில் எப்படி இருக்கிறது என்று. ரத்தத்தைக் கேட்டேன், ஸ்கேனைக் கேட்டேன்.”

கேஸ் ஷீட்டை எடுத்து, தான் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். பேனாவை என்னிடம் நீட்டினார். “நீ அவர்களிடம் என்ன சொன்னாய் என்பதை அப்படியே எழுது. அழகாக எழுத வேண்டாம்.” எழுதினேன். என் கையெழுத்தில் அந்த வாக்கியம் இன்னும் கோப்பில் இருக்கிறது. நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். இப்போது நாம் எல்லோருக்கும் கொடுக்கிற தாளில் முதல் வரியே “தொடலாம், தடவலாம், பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாம்” என்று இருக்கிறதே, அது அன்று மத்தியானம் டாக்டர் தட்டச்சு செய்யச் சொன்னது. செய்யக்கூடாதவை எல்லாம் அதற்குக் கீழேதான்.

தாளை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். “வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க, சொல்லுங்க” என்று கேளுங்கள். எந்த அறை, எந்தப் பாத்திரம், யார் துடைப்பது. அவர்கள் சொல்லச் சொல்ல உங்களுக்கே தெரியும், நீங்கள் சொன்னது அங்கே போய் என்னவாக ஆகியிருக்கிறது என்று. ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கிற பயத்தை எடுத்து நம் விஷயத்தைப் புரியவைப்பது ரொம்பச் சுலபம். அந்தப் பயம் தன் வேலையை முழுதாகச் செய்துவிட்டுத்தான் ஓயும். நாம் நிறுத்தச் சொல்கிற இடத்தில் அது நிற்காது.

ஒரு வாரம் ஊசி தள்ளிப்போனது. அதற்கடுத்த சனிக்கிழமை பப்படம் பதினான்கே முக்கால் கிலோ. அபிராமி வந்திருந்தார். எல்லாம் கேள்விப்பட்டிருந்தார். என்னைப் பார்த்து, “இசக்கி அண்ணா, அடுத்து என்ன, பப்படத்துக்குச் சந்தியாவந்தனம் சொல்லிக் கொடுக்கப் போறீங்களா?” என்றார். நான் தரையைப் பார்த்தேன். “சும்மா சொன்னேன். அம்மா உங்களுக்கு முறுக்கு கொடுத்துவிட்டிருக்கா” என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். அதைவிட அந்தக் கிண்டலே எனக்குத் தேவலாம் போலிருந்தது.

ஐந்து மாதமும் ஊசி முடித்தோம். பிறகு ஆறு மாதம் பப்படம் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. சாயங்காலம் மாமியோடு பழவங்காடிக்குப் போகும், மாமி தேங்காய் உடைக்கும் வரை செருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும். அந்த நாளிலிருந்து அதோடு தரையில் படுத்துவந்த மாமி முழங்கால் வலியால் மறுபடி கட்டிலுக்குப் போனபோது, அதுவே கட்டில்மேல் ஏறப் பழகிக்கொண்டதாம். “இத்தனை வருஷம் கீழ படுத்தது. இப்போ மேல. கேட்டா வைத்தியர் சொல்லியிருக்கார்னு மூஞ்சியை வச்சுக்கறது” என்பார் மாமா.

பிறகு கட்டி திரும்பியது. மறுபடியும் ஊசி வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். மாமி இந்தத் தடவை சுவரோரம் நிற்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில், பப்படத்தின் தலை அவர் கைவளைவில் இருக்க, ரொம்ப நேரம் யோசித்து, “வேண்டாம்” என்றார். அது சரியான வேண்டாம். முதல் தடவை சொன்ன போதும் என்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த அறையில் இருந்த எல்லோரும் உணர்ந்தோம். மாத்திரையில் ஏழு வாரம் ஓடியது. கடைசி நாள் வீட்டிலேயே. கூடத்தில், மாமி மடியில், ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் லீவு போட்டு வந்த அபிராமி. டாக்டரும் நானும் போயிருந்தோம். அன்று யாரும் கையுறை போடவில்லை. யாரும் எழுந்துபோய்க் கை கழுவவும் இல்லை, வெகு நேரம்.

இரண்டு வாரம் கழித்து மாமா மிச்சமிருந்த மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுத்தார், வேறு யாருக்காவது உதவட்டும் என்று. நான் ஒரு கவரை நீட்டினேன். அந்தப் புதன்கிழமைச் செலவு முழுவதும் என்னால் வந்தது, தவணையாகவாவது தந்துவிடுகிறேன் என்றேன். அவர் கவரை வாங்கி, என் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினார். “சுடலைமுத்துகிட்ட சொல்லிடுவேன், ஜாக்கிரதை” என்றார்.

இப்படிப்பட்ட நோயோடு வருகிற எல்லா வீட்டுக்காரர்களும் உங்களிடம் முதலில் கேட்பது, மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதுதான். மழுப்பாமல் சொல்லுங்கள். மாமா பைசா விடாமல் எழுதி வைத்திருந்தார், நான் கேட்டு வாங்கிக் குறித்துக்கொண்டேன். ஊசி, மாத்திரை, பரிசோதனை, ஆட்டோ எல்லாம் சேர்த்து, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை, பப்படத்துக்கு அவர்கள் செலவழித்தது எழுபத்து மூவாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். அதில் ஐயாயிரத்து இருநூறு, நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு.